தார்ப்பாயும் தரமும்

"கணிப்பொறி படிப்பவன் நீ. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்ட காலத்தில் நம் மாணவர் எங்ஙனம் தம்மை ஆயத்தம் செய்துகொள்வது என்று மலருக்கு ஒரு கட்டுரை கொடு" என்று மலர்க்குழு நண்பர் கேட்டார். மறுக்கவே எண்ணினேன். வழி தெரிந்தவர் எழுத வேண்டிய கட்டுரை அது; நானோ இன்னும் வேலை கிடைக்காதவன். ஆயினும் எனக்கு நேர்ந்த ஒன்று உண்டு. அதைச் சொல்ல எனக்குச் சற்று வெட்கம். வெட்கப்படும் செய்தியை ஒருவன் புனைந்து சொல்ல மாட்டான் அன்றோ? அந்தத் துணிவில் எழுதுகிறேன்.

என் ஊர் காரக்கோணம். பாறசாலையில் தொடர்வண்டியை விட்டு இறங்கி, பேருந்து ஏறி, ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே போக வேண்டும். வெளியூரார் ஊரின் பெயரைக் கேட்டால் அங்குள்ள மருத்துவக் கல்லூரியைச் சொல்வர். இமயத்தின் எவரெசுட்டு முடிக்கு 1922இலும் 1924இலும் ஏறப்போன குழுக்களில் இருந்தவரும், பின்னர் நெய்யூரில் மருத்துவராகத் தொண்டாற்றியவருமான சாமர்வெல் பெயரால் அமைந்தது அது. எங்களுக்கு ஊர் என்றால் கல்லூரி அன்று, எல்லை. பனச்சமூட்டுச் சந்தைக்குப் போய் மீன் வாங்கி வருவதற்குள் இரண்டு மாநிலத்து மண்ணையும் மிதித்துவிடலாம். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், பாடநூலில் ஆங்கிலம் என்று வளர்ந்தவர் நாங்கள்.

1956 நவம்பர் முதல் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அப்பாவின் வீட்டார் கோட்டுக்கு இப்பால். அம்மையின் வீட்டார் அப்பால். அதே 1956ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியில் ஜான் மக்கார்த்தி முதலானோர் கூடி, பொறிக்கு அறிவைப் புகட்ட இயலுமா என்று ஆராய்ந்தனர். செயற்கை நுண்ணறிவு என்னும் பெயரே அக்கூட்டத்திற்காக முந்திய ஆண்டு எழுதிய விண்ணப்பத்தில் பிறந்ததுதான். ஆக, எங்கள் ஊர்க் கோட்டுக்கும் அந்தப் பெயருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கோட்டின் கதையைப் பாட்டனார் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். மற்றது எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேர அறுபத்தாறு ஆண்டுகள் ஆயின. 2022 நவம்பர் 30ஆம் நாள் சாட்ஜிபிடி வெளிவந்தபோது நான் கணிப்பொறிப் படிப்பில் சேர்ந்து ஒரு பருவம்கூட முடிந்திருக்கவில்லை.

அன்று முதல் விடுதியில் இரண்டே பேச்சு. ஒன்று, "இனி நமக்கு வேலையில்லை." மற்றொன்று, "இனி நமக்கு வேலை எளிது." சில வேளைகளில் ஒரே நண்பன் காலையில் முதலாவதையும் மாலையில் இரண்டாவதையும் சொல்வான்! 2025 சூலையில் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் தன் பணியாளரில் நூற்றுக்கு இரண்டு பேரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு அதற்குக் காரணம் அன்று, ஆள்களின் திறனுக்கும் இருக்கிற பணிக்கும் பொருத்தம் இல்லாமையே காரணம் என்று அதன் தலைவர் விளக்கினார். எங்கள் அம்மைக்கு அந்த விளக்கம் போதவில்லை. அன்றிரவே தொலைபேசியில், "மக்கா, பேங்குக் கடனை நாம எப்படி அடைப்போம்?" என்று கேட்டாள். நான் படிப்பது கல்விக் கடனில். ஒரு பேராசிரியர் வகுப்பில் ஒரு மணி நேரம் எதிர்காலத்தைப் பற்றிப் பேசினாலும் அம்மையின் அந்த ஒரு கேள்விக்கு ஈடாகாது.

அரசுகள் சும்மா இருக்கவில்லை. தமிழ்நாட்டில் 2022 மார்ச்சில் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியது. கோட்டுக்கு அப்பால் இருக்கும் என் மாமன் மகன் அதன் வழியே பயிற்சி பெற்றான். கேரளத்திலோ 2024இல் ஏழாம் வகுப்புப் பாடநூலிலேயே செயற்கை நுண்ணறிவு இடம்பெற்றது. கைட் நிறுவனம் 80,000 ஆசிரியருக்கு அதில் பயிற்சியளிக்க முனைந்தது. மனிதர் முகத்தைப் பார்த்து மகிழ்ச்சியா சினமா என்று சொல்லும் நிரல் ஒன்று அப்பாடத்தில் உண்டு. என் தங்கை அதனிடம் எங்கள் வீட்டு ஆட்டின் முகத்தைக் காட்டப் போனாள். அவளுடைய ஆராய்ச்சி உணர்ச்சியை நான் சிரித்தே கெடுத்தேன். பின்னால் எண்ணிப் பார்த்தால், பொறிக்குத் தெரியாததைக் கொடுத்துச் சோதிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் முதலில் தோன்றியது அவளுக்குத்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

என் தந்தையார் ஒரு ரப்பர் கடையில் ஷீட்டுக்குத் தரம் பார்ப்பவர். முப்பது ஆண்டுகளாக அதுவே தொழில். தோட்டக்காரர் விடியலில் பால் வெட்டிச் சிரட்டையில் சேர்த்து, ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் கொடுத்து, வெயிலிலும் புகைப்புரையிலும் உலர்த்தி, ஷீட்டாகக் கொண்டுவருவர். அப்பா ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். தேன் நிறத்தில் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். உள்ளே வெள்ளைப் புள்ளி தெரிந்தால் ஈரம் காயவில்லை. குமிழி இருக்கக் கூடாது. பூசணம் துடைத்த தடம் இருந்தால் விரலால் தேய்த்து முகர்ந்து பார்ப்பார். புகையூட்டிய ஷீட்டுக்கு 1 முதல் 5 வரை தரங்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கைமாறுவது 4. கோட்டயத்திலுள்ள ரப்பர் வாரியம் நாள்தோறும் தரவாரியாக விலையை வெளியிடுகிறது. 4 என்பது 5 ஆனால் கிலோவுக்குச் சில ரூபாய் குறையும். அரை ஏக்கர்க்காரனுக்கு அச்சில ரூபாயே அந்த வாரத்து மீனும் மருந்தும். ஆதலால் கடை வாசலில் வாக்குவாதம் இல்லாத நாள் இல்லை. ஆயினும் அப்பா பொய் சொல்கிறார் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இறுதியாண்டில் ஒரு திட்டப்பணி செய்ய வேண்டும். நண்பர் பலர் இணையத்தில் கிடைக்கும் படத்தொகுப்புகளை எடுத்துக்கொண்டனர். நான் சற்றுப் பெருமையோடு, "ரப்பர் ஷீட்டின் தரத்தைப் படம் கொண்டு அறியும் பொறி" என்று தலைப்புக் கொடுத்தேன். வழிகாட்டும் ஆசிரியர் மகிழ்ந்தார். ஓணம் விடுமுறையில் ஊருக்குப் போய், அப்பா தரம் பார்த்த அறுபது ஷீட்டுகளைக் கைப்பேசியில் படம் எடுத்தேன். ஒவ்வொரு ஷீட்டையும் இப்படியும் அப்படியும் திருப்பிப் பத்துப் படம். அறுநூறு படங்கள் சேர்ந்தன. விடுதிக்கு வந்து, நிரலை எழுதித் தருமாறு செயற்கை நுண்ணறிவைக் கேட்டேன். நான் எழுதியிருந்தால் இரண்டு வாரம் ஆகியிருக்கும். தேநீர் ஆறுவதற்குள் முந்நூறு வரி வந்து நின்றது. ஓட்டினேன். நூற்றுக்கு 97 சரி என்று திரையில் தெரிந்தது.

அந்த இரவு நான் தூங்கவில்லை. மகிழ்ச்சியால்தான். அந்த முந்நூறு வரியையும் படித்தாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். கடையில் அப்பாவின் முன் கைப்பேசியை நீட்டி, "அப்பா, புதுசா பத்து ஷீட்டு தாங்க" என்றேன். கொடுத்தார். பொறி பத்தில் நான்கைத்தான் சரியாகச் சொன்னது. காசைச் சுண்டிப் போட்டாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும். கடையில் இருந்தவர் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தனர். என் காது சூடேறியது. அப்பா சிரிக்கவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "நல்ல ஷீட்டையெல்லாம் எங்க வச்சாக்கும் படம் எடுத்த?" என்று கேட்டார்.

நல்லவை விற்பனைக்காக முற்றத்தில் நீலத் தார்ப்பாயில் விரித்திருந்தன. அங்கேயே எடுத்தேன். கழித்துப் போட்டவை கடையின் இருண்ட மூலையில் கரிபிடித்த சுவரோரம் கிடந்தன. அவற்றை அங்கே எடுத்தேன். நான் இதைச் சொன்னதும் அப்பா மூலையிலிருந்து பூசணம் பூத்த ஷீட் ஒன்றை எடுத்துவந்து, நீலத் தார்ப்பாயின் மேல் விரித்து, "இப்போ கேளு" என்றார். கேட்டேன். பொறி சற்றும் தயங்காமல் நான்காம் தரம் என்றது.

"மக்கா, இது ஷீட்ட பாக்கல்ல. தார்ப்பாயயாக்கும் பாக்குது."

கடையில் எழுந்த சிரிப்பை நான் இங்கே எழுதப்போவதில்லை. நண்பர்களே, என் தந்தையார் எட்டாம் வகுப்புவரை படித்தவர். நான் நான்காண்டு படித்துக் காணாத பிழையை அவர் நான்கு நிமிடத்தில் கண்டார். அவருக்குக் கணிப்பொறி தெரியாது. ஆனால் ஷீட் தெரியும். ஏமாறும் வழிகளும் தெரியும். வெயிலில் வைத்து மஞ்சளாக்கிக் காட்டும் வியாபாரிகள் எத்தனை பேரை அவர் பார்த்திருப்பார்!

அன்றிரவு முதன்முறையாக அந்த முந்நூறு வரிகளையும் வரி வரியாகப் படித்தேன். இரண்டாவது பிழை அங்கே இருந்தது. இதை அப்பாவும் கண்டிருக்க முடியாது. பொறியைப் பழக்குவதற்குச் சில படங்களும், பழகிய பின் சோதிப்பதற்கு அது காணாத வேறு சில படங்களும் வேண்டும். நிரல் அறுநூறு படங்களையும் சீட்டுக்கட்டுப்போல் கலைத்து, ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கியிருந்தது. பார்வைக்கு நேர்மையான செயல்தான். ஆனால் ஒரே ஷீட்டுக்குப் பத்துப் படங்கள் இருந்தன அல்லவா? எட்டுப் படம் பழக்குவதற்குப் போக, அதே ஷீட்டின் இரண்டு படம் சோதனைக்குப் போயிற்று. தேர்வுக்கு முன்தினம் வினாத்தாளைப் பார்த்த மாணவன் எடுத்த 97 அது. படங்கள் எப்படி எடுக்கப்பட்டன என்று நான் சொல்லாதபோது பொறிக்கு எப்படித் தெரியும்? பழி பொறியின் மேல் இல்லை.

பிறகு தேடிப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதல் கிடைத்தது. 2017இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக் கழகத்தார் மார்பு எக்ஸ்ரே படத்தில் நிமோனியாவைக் கண்டறியும் பொறி ஒன்றைப் பற்றி எழுதினர். 30,805 நோயாளிகளின் 1,12,120 படங்கள். கட்டுரையின் முதல் வடிவில் படங்களைப் பிரித்திருந்த முறையால் ஒரே நோயாளியின் படங்கள் இரு பக்கமும் விழுந்திருக்கும் என்று வாசகர் சிலர் ஐயம் எழுப்பினர். அடுத்த வடிவில் நோயாளிவாரியாகப் பிரித்துத் திருத்தினர். அத்துணைப் பெரியவர்களுக்கும் இது நேர்ந்தது. அதைக் கண்டவர்களும் படித்துப் பார்த்த மனிதரே என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

ஷீட்வாரியாகப் பிரித்து, தார்ப்பாயை வெட்டி நீக்கி, மீண்டும் ஓட்டினேன். 97 என்பது 61 ஆயிற்று.

இப்போது ஒரு சிக்கல். ஆசிரியரிடம் முன்னமே 97 என்று சொல்லியாயிற்று. நேர்முகத் தேர்வுக்கு மூன்று வாரமே இருந்தது. அறை நண்பன், "யாருடா ஷீட்டு கொண்டுவந்து சோதிக்கப் போறாங்க? இருக்கிறத வச்சுக்கோ" என்றான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். வேலை தேடும்போது அந்த எண் விண்ணப்பத்தில் எப்படி இருக்கும் என்று எனக்கும் தெரியும். இரண்டு நாள் 97ஐயே வைத்திருந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. மூன்றாம் நாள், அரை ஏக்கர்க்காரன் ஒருவன் அந்தப் பொறியை நம்பி ஷீட்டைக் கொண்டுபோய் விற்பதாகக் கற்பனை வந்தது. பிறகு முடியவில்லை. 61 என்றே எழுதி, 97 எப்படி வந்தது என்பதற்குத் தனியாக ஓர் அதிகாரம் சேர்த்தேன்.

தேர்வாளர் ஒருவர், "61 தான் என்றால் இதை ஏன் கொண்டுவந்தாய்?" என்று கேட்டார். மற்றவர் தார்ப்பாய்க் கதையை இரண்டு முறை சொல்லச் சொன்னார். மதிப்பெண் நடுத்தரமாகவே வந்தது. 99 என்று காட்டிய நண்பன் என்னைவிட மேலே நிற்கிறான். பொறாமை இல்லை என்று சொன்னால் அது பொய்.

இதிலிருந்து நம் படிப்பைப் பற்றிச் சில எண்ணங்கள் எனக்கு வந்தன. எங்கும் நமக்குச் செய்யக் கற்றுக் கொடுக்கிறார்கள். செய்ததைச் சோதிக்கக் கற்றுக் கொடுப்பது குறைவு. நிரல் எழுதுவது அரிதாக இருந்த நாளில் இது குறையாகத் தோன்றவில்லை. எழுதும்போதே பாதிப் பிழை கண்ணில் படும். இன்று எழுதுவது பொறியின் வேலை ஆகிவருகிறது. கழக்கூட்டத்தில் 1990இல் தொடங்கிய டெக்னோபார்க்கில் வேலை செய்யும் எங்கள் ஊர் அண்ணன் ஒருவர், "முன்ன நாள் முழுக்க எழுதுவேன், இப்ப நாள் முழுக்க வாசிக்கேன்" என்றார். பொறி எழுதியதை வாசித்து, இது சரி, இது பிழை என்று கையெழுத்திடுவதே அவர் தொழிலாகிவிட்டது. அப்பாவின் தொழிலும் அதுதானே? ஷீட்டை அவர் செய்வதில்லை, வெளிச்சத்தில் பிடிக்கிறார்.

ஆய்வுக்கூடத்தில் பிழையுள்ள நிரல் ஒன்றை எங்கள் கையில் கொடுத்து, "இதில் என்ன கேடு, கண்டுபிடி" என்று ஒரு தேர்வு வைத்தால் என்ன? செயற்கை நுண்ணறிவைத் தொடவே கூடாது என்னும் ஆசிரியரோடு எனக்கு உடன்பாடு இல்லை. நாளை அலுவலகத்தில் அது மேசைமேல் இருக்கும். புதுப்புதுக் கருவிகளின் பெயரை மனப்பாடம் செய்தால் போதும் என்பாரோடும் உடன்பாடு இல்லை. அப்பெயர்கள் நாங்கள் பட்டம் வாங்குவதற்குள் மாறிவிடும். முதலாண்டில் மட்டுமாவது கையால் எழுதிப் பழகட்டும். கூட்டல் தெரியாதவன் கையில் கணக்குப் பொறி இருந்தால், விடை தப்பு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

நம் சங்கத்தாருக்கு ஒரு சிறிய சான்று. பொங்கல் விழாச் சொல் விளையாட்டுக்காக, ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் நிரலைப் பைத்தான் மொழியில் கேட்டு வாங்கினேன். என் ஊர்ப் பெயரையே கொடுத்தேன். 10 என்றது. விரல்விட்டு எண்ணுங்கள்: கா, ர, க், கோ, ண, ம். ஆறுதான். கணிப்பொறி யூனிகோடு முறையில் கால், ஒற்றைக்கொம்பு, புள்ளி முதலிய குறிகளைத் தனித்தனியாக எண்ணுகிறது. 'கா' அதற்கு இரண்டு, 'க்' இரண்டு, 'கோ' இரண்டு, 'ம்' இரண்டு. சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக, என் ஊர்ப் பெயர் முப்பது பைட்டு. இந்தப் பிழையை லண்டனில் இருக்கும் பொறியாளர் கண்டிருக்க மாட்டார். தமிழ் அரிச்சுவடி படித்த குழந்தை காணும். நமக்குத் தெரிந்தது நமக்கே அற்பமாகத் தோன்றுவதால்தான் அதை ஒரு தகுதியாக நாம் விண்ணப்பத்தில் எழுதுவதில்லை.

2016இல் கூகிள் ஆராய்ச்சியாளர் நீரிழிவால் விழித்திரையில் வரும் நோயைப் படத்தில் கண்டறியும் பொறியைப் பற்றி எழுதினர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சென்னை சங்கர நேத்ராலயா முதலியவற்றின் படங்களும் அதற்கு உதவின. பழக்கப் பயன்பட்ட படங்கள் 1,28,175. அவற்றைப் பார்த்துத் தரம் இட்ட கண் மருத்துவர் 54 பேர். ஒவ்வொரு படத்தையும் மூன்று முதல் ஏழு முறை வரை பார்த்தனர். இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்போ அந்த அம்பத்திநாலு பேருக்கக் கண்ணாக்கும் மிஷினுக்க உள்ள இருக்கது" என்றார்.

அருகில் இருந்த அம்மை கேட்டாள்: "அப்பாவுக்க கண்ணையும் நீ அதுக்குள்ள போட்டுட்டா, பின்ன அப்பாவ எதுக்குக் கடைக்குக் கூப்பிடுவாவ?"

தலைப்புக் கொடுத்தபோதும், படம் எடுத்தபோதும், 97 வந்த இரவிலும் இக்கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை. விடையும் இன்றுவரை கிடைக்கவில்லை. அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அறுவத்தொண்ணுதானே ஆயிருக்கு? நாள் கெடக்கு" என்றார். கேலியா ஆறுதலா என்று புரியவில்லை.

அப்பா இப்போது எனக்காக வாரந்தோறும் தரத்துக்கு இரண்டு ஷீட் என்று ஒதுக்கி, சுண்ணக்கட்டியால் எண் இட்டு வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் போனால் உடனே படம் எடுக்க விடுவதில்லை. ஒவ்வொன்றையும் என் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முதலில் நான் தரம் சொல்ல வேண்டும், பிறகுதான் படம். சென்ற வாரம் பத்தில் ஏழு சரியாகச் சொன்னேன். தவறிய மூன்றில் இரண்டு, உள்ளே ஈரம் காயாத வெள்ளைப் புள்ளி. மூன்றாவதை முகர்ந்து பார்க்க மறந்துவிட்டேன்.